வாசலில் ஓர் எண்ணும் கருவி

இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு

முன்னுரை

எண்ணுதல் மிக எளிய வேலை என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லத் தெரிந்த குழந்தைகூட எண்ணிவிடும். ஆனால் எண்ணப்படும் பொருள் அசையாமல் இருக்கும் வரையில்தான் அது எளிது. கூடையில் கிடக்கும் மாங்காய்களை எண்ணிவிடலாம். மேய்ச்சல் முடிந்து முண்டியடித்துக்கொண்டு வரும் ஆட்டு மந்தையை எண்ண முடியுமா? என் தாத்தா எண்ணுவார். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பட்டியின் படலை முழுவதும் திறக்கமாட்டார். ஓர் ஆடு நுழையும் அளவுக்கே திறந்து, ஒரு காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே விடுவார். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அன்றிரவே காட்டுக்குள் போய்த் தேட வேண்டும். ஆகவே தப்பாக எண்ண அவருக்கு வழியே இல்லை.

உணரிகளைக் கணிப்பொறியுடன் இணைத்து, அசைந்து செல்வனவற்றைக் கண்டறிந்து எண்ணும் முறையைப் பற்றி இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன். நூல்களில் படித்ததை மட்டும் எழுதாமல், நானும் என் வகுப்புத் தோழர்கள் மூவரும் நம் கல்லூரி நூலக வாசலில் ஒரு கருவி அமைத்தபோது செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அத்தவறுகளில்தான் எங்களுக்குப் பாடம் இருந்தது.

எண்ண வேண்டிய தேவை

நம் நூலகம் மாலை ஆறரை மணி வரை திறந்திருப்பதை அனைவரும் அறிவீர்கள். வகுப்புகள் முடிந்தபின் பேருந்துக்காகக் காத்திருக்கும் வெளியூர் மாணவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரும் உதவி. எங்கள் ஊருக்கு ஏழு மணிக்குத்தான் பேருந்து. வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். நான் படிப்பதெல்லாம் அந்த நூலகத்து மேசையில்தான். இப்படிப்பட்டவர்கள் நம்மில் பலர்.

சென்ற ஆண்டு, மாலை ஐந்து மணிக்கே நூலகத்தைப் பூட்டிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. காரணம், வாசலில் இருக்கும் வருகைப் பதிவேடு. நான்கரை மணிக்குப் பின் நாளொன்றுக்குச் சுமார் இருபது கையொப்பங்களே அதில் இருந்தன. இருபது பேருக்காக விளக்கும் மின்விசிறியும் ஓட வேண்டுமா, ஊழியர் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பெரும்பாலோர் கையொப்பம் இடாமலே உள்ளே போகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் துறைப் பேராசிரியரிடம் சென்று முறையிட்டோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நிறையப் பேர் வருகிறார்கள் என்றால் எத்தனை பேர்? அதை எண்ணிக் காட்டுங்கள். இயற்பியல் படிக்கிறவர்கள்தானே?”

அன்று தொடங்கியது இந்த வேலை.

உணரி என்பது யாது?

வெளியுலகில் நிகழும் ஒரு மாற்றத்தை மின் மாற்றமாக்கித் தரும் பொருளே உணரி. ஒளி, ஒலி, வெப்பம், அழுத்தம், காந்தப் புலம் ஆகிய ஒவ்வொன்றையும் உணர்வதற்கு ஒவ்வொரு வகை உண்டு. ஒளியால் ஒரு பொருளின் மின்தடை மாறக்கூடும் என்பதை 1873-இல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அறிவித்தார். அவர் அதைத் தேடிப் போகவில்லை. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்காக செலினியக் கோல்களைப் பயன்படுத்தியபோது, வெளிச்சம் பட்டால் அவற்றின் தடை குறைவதைக் கண்டார். இன்று கடைகளில் கிடைக்கும் ஒளிசார் மின்தடையும் இதே பண்பைப் பயன்படுத்துவதே.

ஓர் ஆள் வாசலைக் கடப்பதை அறியப் பல வழிகள் உண்டு. நாங்கள் நான்கைச் சீர்தூக்கிப் பார்த்தோம்.

முதலாவது, உடல் வெப்பத்தை உணரும் அகச்சிவப்பு உணரி. தாழ்வாரங்களில் ஆள் வந்தால் விளக்கைத் தானே எரியவைப்பது இதுதான். நம் உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர்கள் பத்து மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக இருக்கும். அக்கதிர்களில் ஏற்படும் மாற்றத்தை இது காண்கிறது. ஆனால் ஒருமுறை தூண்டப்பட்டால் சில வினாடிகள் அப்படியே நிற்கும். ஒருவர் வந்தாலும் மூவர் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆள் இருப்பதை அறிய ஏற்றது, எண்ண ஏற்றதன்று.

இரண்டாவது, மீயொலி உணரி. 40 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து எதிரொலி வர ஏறத்தாழ 5.8 மில்லி வினாடி ஆகும். நல்ல முறைதான். ஆயினும் தளர்ந்த துணி ஒலியை உறிஞ்சிவிடுவதால் சிலரைத் தவறவிட்டது.

மூன்றாவது, ஒளிப்படக் கருவி. இன்று பெருங்கடைகளில் படத்தைக் கணிப்பொறியே ஆராய்ந்து ஆட்களை எண்ணும் முறை வந்துவிட்டது. எங்களுக்குத் தேவை எண்ணிக்கையே அன்றி முகங்கள் அல்ல. படிக்க வருகிறவரைப் படம் பிடித்து வைப்பது முறையன்று எனக் கருதி இதை விட்டோம்.

நான்காவது, ஒளிக்கதிர்த் தடை. வாசலின் ஒரு பக்கம் கதிர் வீசும் டையோடு, மறுபக்கம் அதைப் பெறும் உணரி. ஆள் குறுக்கே வந்தால் கதிர் தடைபடும். எளியது, விலை குறைந்தது, விரைவானது. இதையே தேர்ந்தெடுத்தோம்.

சூரியன் செய்த குறும்பு

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசும் டையோடு ஒன்றும், அதைப் பெற ஓர் ஒளி டிரான்சிஸ்டரும் வைத்தோம். டையோடுக்கு வேண்டிய மின்தடையை ஓம் விதியால் கணக்கிட்டோம். மின்னழுத்தம் 5 வோல்ட். டையோடில் இழப்பு 1.2 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமெனில், 3.8-ஐ 0.02-ஆல் வகுக்க 190 ஓம். கடையில் கிடைத்த 220 ஓம் போதுமானதாக இருந்தது.

ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை செய்த கருவி நூலக வாசலில் மாலை ஐந்து மணிக்குமேல் அரை மணி நேரம் ஒருவரையும் எண்ணவில்லை. ஆட்களோ வந்துகொண்டே இருந்தார்கள். நூலக வாசல் மேற்கு நோக்கியது. சாயும் வெயில் நேரே உணரியின் மேல் விழுந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. எங்கள் சிறு டையோடின் கதிர் தடைபட்டாலும் வெயில் தடைபடவில்லை. ஆகவே உணரிக்கு எப்போதும் வெளிச்சம்தான்.

இதற்குத் தீர்வு நம் வீட்டுத் தொலைக்காட்சியின் கைக்கருவியிலேயே இருக்கிறது. அது கதிரைத் தொடர்ந்து வீசுவதில்லை. பெரும்பாலும் வினாடிக்கு 38,000 முறை அணைத்து ஏற்றி வீசுகிறது. அந்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்தறியும் டி.எஸ்.ஓ.பி. 1738 என்ற ஏற்பி கடைகளில் கிடைக்கிறது. வெயிலுக்கு அத்தகைய துடிப்பு இல்லை. எனவே அது வெயிலைப் புறக்கணித்துவிடும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. இவ்வேற்பி, ஓயாமல் வரும் 38 கிலோ ஹெர்ட்ஸைச் சிறிது நேரத்தில் இரைச்சல் என்று கருதித் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாகத் துடித்து, சில மில்லி வினாடி ஓய்ந்து, மறுபடி துடிக்கும்படி அமைக்க வேண்டும். 20 மில்லி வினாடி வரை ஒரு துடிப்பும் வந்து சேரவில்லையானால் கதிர் தடைபட்டது என்று கொள்ளலாம்.

இன்னொன்றும் கற்றோம். ஒளி மிகுந்தால் நல்லது என்று எண்ணியிருந்தோம். அது தவறு. ஏற்பி மிக நுண்ணியதாகையால், ஆள் குறுக்கே நின்றபோதும் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பிய கதிர் அதைச் சென்றடைந்தது. 220 ஓமை எடுத்துவிட்டு 1,000 ஓம் வைத்து, ஏற்பிக்கு முன்னால் கறுப்புக் காகிதக் குழல் ஒன்றைப் பொருத்திய பிறகே கதிர் நேர்வழியில் மட்டும் சென்றது.

கணிப்பொறியுடன் இணைத்தல்

உணரியை நேரே கணிப்பொறியில் செருக இயலாது. இடையில் ஒரு தூதுவன் வேண்டும். நாங்கள் பயன்படுத்தியது ஆர்டுயினோ ஊனோ என்ற பலகை. மாணவர்களுக்காக 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கப்பட்ட முயற்சியில் பிறந்தது ஆர்டுயினோ. ஊனோ பலகையிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர் வினாடிக்கு 160 இலட்சம் கடிகாரத் துடிப்புகளில் இயங்குகிறது. மில்லி வினாடிக்கு ஒருமுறை உணரியைப் பார் என்று கட்டளையிட்டால், ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் அதற்கு 16,000 துடிப்பு நேரம் மிச்சம்.

மனிதனின் வேகத்தோடு இதை ஒப்பிடுங்கள். சாதாரணமாக நடப்பவர் வினாடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் செல்கிறார். உடலின் முன்பின் தடிப்பு 30 சென்டிமீட்டர் எனில், அவர் கதிரை மறைக்கும் நேரம் கால் வினாடி. அந்தக் கால் வினாடிக்குள் பலகை 250 முறை பார்த்துவிடும். ஆகவே வேகம் போதவில்லை என்று சொல்ல இடமே இல்லை.

பலகையிலிருந்து யு.எஸ்.பி. கம்பி வழியாகத் துறையின் பழைய கணிப்பொறி ஒன்றுக்குச் செய்தி போகும். வினாடிக்கு 9,600 பிட் வேகம் வைத்தோம். ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட் எனக் கொண்டால் வினாடிக்கு 960 எழுத்துகள். ஆள் கடக்கும்போது ஒரு சிறு சொல் அனுப்ப இது தாராளம். கணிப்பொறியில் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரல், வந்த செய்தியையும் வந்த நேரத்தையும் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைக்கும். நேரத்தையும் எழுதி வைத்தது பின்னால் பெரிதும் உதவியது.

இருநூற்றுப் பதினான்கு!

முதல் மாலையில் கருவி காட்டிய எண் 214. எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது எங்கே, இருநூற்றுப் பதினான்கு எங்கே! மறுநாளே முதல்வரிடம் கொடுத்துவிடலாம் என்று அழகாக ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டோம்.

வாசலில் அமர்ந்திருக்கும் நூலக உதவியாளர் எங்களைக் கூப்பிட்டார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நான் தண்ணி குடிக்க எழுந்து போனா ஒண்ணு ஏறுது. திரும்பி வந்தா இன்னொண்ணு ஏறுது. அந்த அறிவிப்புப் பலகையைப் பார்க்க வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போற புள்ளைக்கும் ஏறுது. இது ஆளை எண்ணுதா, என்னத்தை எண்ணுது?”

நாங்கள் பேச்சற்று நின்றோம். என் தோழன் ஒருவன் வெளியே வந்ததும் சொன்னான், “இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகிறது? எண் நமக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது? விட்டுவிடு.” அப்படியே விட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மேசை எனக்கு வேண்டும். ஆனால் பதிவேடு பொய் சொல்கிறது என்று முறையிட்டவர்கள் நாங்கள். அதற்கு மாற்றாக இன்னொரு பொய்யை, அதுவும் கணிப்பொறியின் பெயரால், எப்படி நீட்டுவது? யாராவது ஒருவர் ஒரு மாலை வாசலில் நின்று எண்ணிவிட்டால், உண்மையாகவே வந்து படிப்பவர்களின் கணக்கும் சேர்ந்தல்லவா நம்பிக்கை இழக்கும்?

மறுநாள் நாங்கள் இருவர் வாசலுக்கு எதிரே அமர்ந்து, ஆளுக்கொரு தாளில் கோடு போட்டு எண்ணினோம். உள்ளே சென்றவை 66, வெளியே வந்தவை 66. மொத்தம் 132 கடத்தல்கள். கருவி காட்டியதோ 209. மிகையான 77-இல் ஆடும் கைகள், தோளில் தொங்கிய துப்பட்டா, நிலைப்படியில் நின்று பேசியவர்கள், திரும்பிப் போனவர்கள் எல்லோரும் இருந்தார்கள். குழல் விளக்கைப் போடும்போது நீளமான கம்பியில் எழுந்த மின் இரைச்சல்கூட ஓர் ஆளாகப் பதிவாகியிருந்தது.

கதிர் தடைபடுவது வேறு, ஆள் நுழைவது வேறு என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. உணரி முதலாவதை மட்டுமே சொல்லும். இரண்டாவதை நாம்தான் அதிலிருந்து வருவித்துக்கொள்ள வேண்டும்.

செயலற்ற நேரம்

முதலில் எளிய வழி ஒன்றைச் செய்தோம். ஒருமுறை எண்ணியதும் ஒரு வினாடி கண்ணை மூடிக்கொள் என்று நிரலில் எழுதினோம். கை ஆடினால் அந்த வினாடிக்குள் ஆடி முடிந்துவிடும் அல்லவா?

நான்கரை மணி அடித்ததும் 22 பேர் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். கருவி 13 என்றது. ஒரு வினாடியில் மனிதன் 1.2 மீட்டர் நடந்துவிடுகிறான். அதைவிட நெருங்கி வந்தவர்கள் எல்லாம் மூடிய கண்ணின் முன்னே போய்விட்டார்கள்.

நம் ஆய்வகத்திலுள்ள கைகர்-முல்லர் எண்ணியில் நாம் படிக்கும் செயலற்ற நேரமும் இதுவே. ஒரு துகளை எண்ணிய குழாய், சுமார் 100 மைக்ரோ வினாடி அடுத்த துகளை உணராது. வினாடிக்கு 1,000 எண்ணிக்கை காட்டினால், அது செயலற்றிருந்த மொத்த நேரம் 0.1 வினாடி. எஞ்சிய 0.9 வினாடியில் எண்ணியதே அந்த 1,000. ஆகவே உண்மை அளவு 1,000-ஐ 0.9-ஆல் வகுக்க ஏறத்தாழ 1,111. கதிரியக்கத் துகள்கள் எழுந்தமானமாக வருவதால் இப்படித் திருத்திக்கொள்ளலாம். மணி அடித்ததும் கூட்டமாக வரும் மாணவர்களுக்கு இத்திருத்தம் பொருந்தாது. வேறு வழிதான் தேட வேண்டும்.

இரு கதிர்கள், நான்கு நிலைகள்

பேராசிரியர் எங்களை இரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தைப் பார்த்து வரச் சொன்னார். அங்கே அச்சு எண்ணி என்ற கருவி உண்டு. தண்டவாளத்தின் ஓரத்தில் காந்தப் புலம் உண்டாக்கும் சுருளும் அதை உணரும் சுருளும் இருக்கின்றன. சக்கரம் கடக்கும்போது அப்புலம் மாறும். அதைக் கொண்டு அச்சுகள் எண்ணப்படுகின்றன. இதில் நாங்கள் கவனித்தது, ஒவ்வோர் எண்ணுமிடத்திலும் உணரிகள் அடுத்தடுத்து இரண்டாக இருப்பதே. எது முதலில் உணர்கிறதோ அதைக் கொண்டு வண்டி செல்லும் திசை தெரிகிறது.

அதையே வாசலில் செய்தோம். தாழ்வாரத்தை ஒட்டி ஒரு கதிர், அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் உள்ளே இன்னொரு கதிர். ஒன்றின் ஒளி மற்றொன்றின் ஏற்பியில் விழாதிருக்க, ஒரு டையோடை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் எதிரெதிராக வைத்தோம். கை வீச்சு குறைவாக இருக்கும் நெஞ்சு உயரத்துக்கு இரண்டையும் ஏற்றினோம்.

இப்போது எந்த நேரத்திலும் நான்கு நிலைகளில் ஒன்றுதான் இருக்க முடியும். தடை இல்லாததை 0 என்றும் தடைபட்டதை 1 என்றும் எழுதுவோம். முதல் இலக்கம் வெளிக்கதிர், இரண்டாவது உள்கதிர். உள்ளே நுழைபவர் வரிசையாக 00, 10, 11, 01, 00 என்ற நிலைகளை உண்டாக்குவார். வெளியே வருபவர் 00, 01, 11, 10, 00. ஆடும் கை 00, 10, 00 என்று நின்றுவிடும். நிலைப்படி வரை வந்து திரும்புபவர் 00, 10, 11, 10, 00. முழு வரிசையும் நிறைவேறினால் மட்டும் எண்ணு, இல்லையேல் விட்டுவிடு என்பதே விதி.

பத்து சென்டிமீட்டர் ஏன் என்று கேட்கலாம். இடைவெளி உடலின் தடிப்பைவிட அதிகமானால் 11 என்ற நிலையே வராது. மிகக் குறைந்தால் வரிசை தெளிவாகத் தெரியாது. பத்து சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 83 மில்லி வினாடி ஆகும். எங்கள் ஏற்பி முடிவுசெய்ய எடுத்துக்கொள்ளும் 20 மில்லி வினாடியைவிட இது நான்கு மடங்கு. மேலும், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியான இடைவெளி இருந்தாலே இருவரும் தனித்தனியாக எண்ணப்படுவர். முன்பு 1.2 மீட்டர் வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள்.

பூட்டிய நூலகத்துக்குள் மூவர்

திசை தெரிந்ததும் இன்னொரு நன்மை கிட்டியது. நுழைந்தவர் தொகையிலிருந்து வெளியேறியவர் தொகையைக் கழித்தால், இப்போது உள்ளே இருப்பவர் எத்தனை பேர் என்பது கிடைக்கும். நம்முடைய கேள்விக்கு உரிய விடையும் இதுவே. நூலக உதவியாளர் பத்து முறை போய்வந்தாலும் இந்த எண் கெடாது.

ஆனால் முதல் நாள் ஆறரை மணிக்குக் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்த பிறகு, உள்ளே மூன்று பேர் இருப்பதாகக் கணிப்பொறி சொன்னது! உதவியாளர் ஐயத்தோடு மறுபடி திறந்து அலமாரிகளுக்கு இடையில் பார்த்துவிட்டும் வந்தார். ஒருவரும் இல்லை.

கோப்பில் எழுதியிருந்த நேரங்களைப் பார்த்தபோது, குறை மூடும் நேரத்தில் ஏற்பட்டது எனத் தெரிந்தது. உள்ளே வரும்போது ஒவ்வொருவராக வருகிறோம். போகும்போது தோழரோடு தோள் உரசப் பேசிக்கொண்டு போகிறோம். பக்கவாட்டில் இணைந்து செல்லும் இருவர், குறுக்கே செல்லும் கதிருக்கு ஒருவரே. எந்த நிரலாலும் இதைத் தீர்க்க இயலவில்லை.

அப்போதுதான் எனக்குத் தாத்தாவின் படல் நினைவுக்கு வந்தது. நூலக உதவியாளரிடம் சொன்னேன். அவர் தம் மேசையையே நகர்த்தி வாசலை ஓர் ஆள் தாராளமாகச் செல்லும் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தார். மின்னணுவியல் தீர்க்காததை ஒரு மரமேசை தீர்த்தது.

அச்சு எண்ணியிலும் இதே கழித்தல் கணக்குத்தான். ஒரு பகுதிக்குள் சென்ற அச்சுகளும் வெளியேறிய அச்சுகளும் சமமானால்தான் அப்பகுதி காலி என்று காட்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே வண்டி இருப்பதாகவே காட்டி, அடுத்த வண்டியை விடாது. தவறு நேர்ந்தால் அது எந்தப் பக்கம் நேர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். இரயில்வேயில் பாதுகாப்பின் பக்கம். எங்கள் கருவியில் தவறு நேர்ந்தால் அது எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைக்கும் பக்கமே நேரட்டும் என்று வைத்துக்கொண்டோம். முழு வரிசை அமையாததை எண்ணாமல் விடுவதற்கு அதுவே காரணம்.

பூட்டும் நேரத்தில் மீதி சுழியாக வந்துவிட்டால் கருவி சரி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இருவர் இணைந்து உள்ளே சென்று, இணைந்தே வெளியே வந்தால், இரு தவறுகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சுழி வந்துவிடும். ஆகவே கையால் எண்ணிச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து மாலைகள் எண்ணினோம். நாங்கள் கண்டது 318 நுழைவுகள். கருவி கண்டது 311. குறைந்தவை ஏழு, அதாவது நூற்றுக்கு இரண்டு அளவு. மிகை எதுவும் இல்லை.

முடிவுரை

முன்பு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு வேறொன்று எழுதினோம். நான்கரை மணிக்குப் பின் நாளொன்றுக்குச் சுமார் 64 நுழைவுகள். அவற்றில் ஒருவரே இருமுறை வந்ததும், ஊழியர் சென்று வந்ததும் அடங்கும். ஐந்தரை மணிக்கு நூலகத்தினுள் இருந்தவர்கள் ஐந்து நாள்களிலும் 35 முதல் 44 பேர் வரை. கருவி நூற்றுக்கு இரண்டு அளவில் குறைத்து எண்ணக்கூடும். இவ்வளவே எழுதினோம். 214-இன் முன்னால் இந்த எண் சிறியதாகத்தான் தெரிந்தது. என் தோழனுக்கு அதில் வருத்தமும் உண்டு.

முதல்வர் அத்தாளைப் படித்துவிட்டு, எங்களிடம் சொல்லாமலே ஒரு மாலை ஐந்தரை மணிக்கு நூலகத்துக்கு வந்து ஒவ்வொரு மேசையாக எண்ணினாராம். நாற்பத்தொருவர். கணிப்பொறித் திரையில் இருந்ததும் 41. இதை உதவியாளர்தான் மறுநாள் எங்களுக்குச் சொன்னார். நூலகம் பருவத் தேர்வு முடியும் வரை ஆறரை மணிக்கே மூடப்படும் என்றும், அடுத்த பருவத்தில் மீண்டும் எண்ணிப் பார்த்து முடிவு செய்யப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று மாலையும் நான் என் மேசையில் அமர்ந்து படித்தேன்.

இக்கருவியை அமைக்க விரும்பும் இளைய மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சால்டர் வைக்கவும் நிரல் எழுதவும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். உணரி காட்டுவது எது, நாம் அறிய விரும்புவது எது, இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கருவிக்கு எதிரே ஒரு மாலையாவது அமர்ந்து கோடு போட்டு எண்ணுங்கள். கருவி காட்டும் எண் நாம் விரும்பிய எண்ணாக இருந்தால், இன்னொரு மாலையும் அமர்ந்து எண்ணுங்கள்.

இரு கதிர்களும் இன்னும் நூலக வாசலில்தான் இருக்கின்றன. அடுத்த பருவத்தில் எண்ண வேண்டிய பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள். அதுவரை ஒரு சிறு வேண்டுகோள். நூலகத்தை விட்டு வெளியே வரும்போது, அந்த ஒரே ஒரு அடி தூரம் மட்டும், ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.